மரம் ஏன் விழுது? மொட்டையடிச்சா பிரச்னை தீர்ந்துடுமா?

(எபிசோடின் ஒலிப்பதிவு, படிக்க வசதியாகத் திருத்திச் சுருக்கப்பட்டது)

இந்த வாரம் கோடும் இல்ல, ஏ.ஐ.யும் இல்ல. மரத்தைப் பத்திப் பேசப்போறோம்.

போன மே மாசம், மத்தியானம் ரெண்டரை மணி இருக்கும். நல்ல வெயில், சொட்டு காத்து இல்ல. எங்க ஆபீஸ் தெருவுல ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் உண்டு. அதுல இருந்து ஆள் தொடை கனத்துல ஒரு கிளை 'மடக்'னு ஒடிஞ்சு டீக்கடை பெஞ்சு மேல விழுந்துச்சு. பத்து நிமிஷம் முன்னாடி அந்த பெஞ்சுலதான் நாங்க நாலு பேர் உட்கார்ந்து டீ குடிச்சோம். யாருக்கும் அடி இல்ல. பெஞ்சு மட்டும் ரெண்டா போச்சு.

மறுநாள் காலையில ரம்பத்தோட ஆட்கள் வந்து, அந்தத் தெருவுல இருந்த ஆறு மரத்தையும் மொட்டையடிச்சுட்டுப் போயிட்டாங்க. கிளை, இலை எதுவும் இல்லாம வெறும் தூண் மாதிரி நின்னுச்சு ஆறும். தெருவுக்கே நிம்மதி. உண்மையச் சொல்லணும்னா எனக்கும் நிம்மதியாதான் இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் இதப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறைச்சது. அன்னைக்கு நாங்க நிம்மதின்னு நினைச்ச அந்த வெட்டுதான், இன்னும் நாலஞ்சு வருஷத்துல அதே பெஞ்சு மேல விழப்போற கிளையைத் தயார் பண்ணியிருக்கு. எப்படின்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி, ஒரு மரம் எப்படி நிக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்.

முதல்ல காத்து

மரத்து மேல காத்து கொடுக்கிற விசை, வேகத்தோட வர்க்கத்துல ஏறும். பிளஸ் ஒன் பிசிக்ஸ்தான். 40 கி.மீ. வேகக் காத்து 80 ஆனா விசை ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. நிஜத்துல மரம் கொஞ்சம் சமாளிக்கும். இலை மடங்கும், சின்னக் கிளை வளைஞ்சு கொடுக்கும், அதனால காத்து படுற பரப்பு குறையும். கம்பத்துல கட்டின பேனர் அப்படி வளைஞ்சு கொடுக்காது, அதனால மொத்த அடியையும் அதுவே வாங்குது. ஆனா மரம் வளைஞ்சு கொடுக்கிறதுக்கும் ஒரு எல்லை இருக்கு.

அடுத்தது நெம்புகோல். பைக் சக்கரத்து நட்டு சின்ன ஸ்பேனர்ல வரலைன்னா, மெக்கானிக் அண்ணன் என்ன பண்ணுவார்? ஸ்பேனர்ல ஒரு நீள பைப்பைச் சொருகி அழுத்துவார். அதே கை பலம்தான், ஆனா நட்டு திரும்பிடும். மரத்துல இலைக் கூட்டம்தான் அந்தக் கை, தண்டு அந்த பைப், நட்டு இருக்கிற இடத்துல வேர். பத்து மீட்டர் உயரத்துல காத்து தள்ளுற தள்ளு முழுசும் அடியில வந்து சேருது.

அந்தத் தள்ளுல மூணுல ஒண்ணு நடக்கலாம். வேரோட சாயலாம், தண்டு முறியலாம், கிளை ஒடியலாம். மூணுக்கும் காரணம் வேற வேற.

வேரோட சாயறது

நம்ம எல்லார் மனசுலயும் ஒரு படம் இருக்கு. மேல எவ்வளவு மரமோ, கீழயும் அவ்வளவு ஆழத்துக்கு ஆணிவேர் போகும்னு. நிறைய வளர்ந்த மரங்கள்ல அப்படி இல்ல. வேர்ல பெரும்பகுதி மேல் மண்ணுல, ஏறக்குறைய முதல் ஒரு மீட்டருக்குள்ளயே இருக்கும். காரணம் சிம்பிள். வேருக்கும் மூச்சு வேணும், ஆக்ஸிஜன் மேல் மண்ணுலதான் இருக்கு. ஆழத்துக்குப் பதிலா வேர் பக்கவாட்டுல போகும், கிளை நிழலையும் தாண்டிப் போகும்.

கல்யாணப் பந்தல் போடுறதைப் பார்த்திருப்பீங்க. கம்பத்தை நட்டுட்டு, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுவாங்க. காத்து கிழக்கே இருந்து அடிச்சா கிழக்குப் பக்கக் கயிறுதான் விறைச்சுப் பிடிக்கும். பக்க வேரும் மரத்துக்கு அதே வேலையைத்தான் செய்யுது.

இப்ப நம்ம தெருவுக்கு வாங்க. மழைநீர் வடிகாலுக்காக மரத்துக்கு ரெண்டடி தள்ளி ஜே.சி.பி. வச்சுத் தோண்டுறாங்க. அப்புறம் கேபிளுக்கு ஒரு தடவை, குடிநீர்க் குழாய்க்கு ஒரு தடவை. ஒவ்வொரு பள்ளமும் ஒரு பக்கத்துக் கயிறை மொத்தமா அறுக்குது. மரம் அன்னைக்கே விழாது. அதனால யாரும் அதைக் கவனிக்கறதும் இல்ல. அறுபட்ட வேர் வழியா பூஞ்சை உள்ள போகும், வேர் மெதுவா மக்க ஆரம்பிக்கும். மிச்சம் இருக்கிற வேர் தண்ணியை உறிஞ்சிக் கொடுக்கிறதால மேல இலை பச்சையாவே இருக்கும். ரெண்டு, மூணு வருஷம் கழிச்சு ஒரு ராத்திரி மழையில சாஞ்சுடும். 'நேத்து வரைக்கும் நல்லாதாங்க இருந்துச்சு'ம்பாங்க. நம்ம பாஷையில சொன்னா, பக் எப்பவோ புரொடக்ஷனுக்குப் போயிடுச்சு, கிராஷ் ஆனதுதான் இன்னைக்கு.

மழைக்கும் இதுல பங்கு இருக்கு. மண் ஊறினா வேரைப் பிடிச்சுக்கிற பலம் குறையும். நனைஞ்ச இலைக்கு எடையும் கூடும். அதனாலதான் வெறும் காத்தை விட, ரெண்டு நாள் மழைக்கு அப்புறம் வர்ற காத்து மோசம்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். சென்னையில மணிக்கு 100 கி.மீ.க்கு மேல காத்து. நான் அப்ப காலேஜ்ல இருந்தேன். மறுநாள் தெருவுல நடக்கவே வழியில்ல, ஊர் முழுக்க ஆயிரக்கணக்குல மரம் விழுந்து கிடந்துச்சு. எனக்கு மறக்காத காட்சி ஒண்ணு உண்டு. விழுந்த மரத்தோட வேர்ப்பகுதி அகலமான தட்டு மாதிரி செங்குத்தா எழும்பி நிக்குது, அதுல நடைபாதை பேவர் கல்லும் ஒட்டிக்கிட்டு நிக்குது. ஆழத்துக்குப் போன வேரே கண்ணுல படல. மரத்தைச் சுத்தி கழுத்து வரைக்கும் சிமெண்ட் பூசிட்டா தண்ணியும் காத்தும் உள்ள இறங்காது. வேர் எங்க இடம் கிடைக்குதோ அங்க, மேலாகவே ஓடும்.

இதுக்காகத்தான் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013ல, டெல்லி மரங்களைச் சுத்தி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை எடுக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. ஒரு மீட்டர்ங்கறது ரொம்பக் குறைச்சல்தான். ஆனா நம்ம தெருவுல எத்தனை மரத்துக்கு அந்த ஒரு மீட்டராவது இருக்குன்னு எண்ணிப் பாருங்க.

'வெளிநாட்டு மரம்னாலதான்' விழுதா?

வர்தாவுக்கு அப்புறம் எல்லாரும் சொன்ன காரணம் இது. குல்மொஹர் மடகாஸ்கர்ல இருந்து வந்தது, தூங்குமூஞ்சி தென் அமெரிக்கப் பக்கத்துல இருந்து வந்தது, அதனாலதான் விழுந்துச்சுன்னு. இதுல பாதி சரி. வேகமா வளரணும், சீக்கிரம் நிழல் தரணும்னு தேர்ந்தெடுத்த மரங்கள்ல சிலதுக்குக் கட்டை அவ்வளவு கெட்டி கிடையாது.

ஆனா பாஸ்போர்ட்டைப் பார்த்து எதையும் முடிவு பண்ண முடியாது. முருங்கை நம்ம நாட்டு மரம்தான். அதுல ஏறாதேன்னு எல்லா வீட்டுலயும் பாட்டி சொல்லியிருப்பாங்க, அவ்வளவு சுலபமா ஒடியும். வேம்பு கெட்டியான மரம், ஆனா ஒரு பக்க வேரை அறுத்துட்டா வேம்பும் சாயும். நர்சரி கவர்ல ரொம்ப நாள் இருந்த கன்னுக்கு வேர் உள்ளேயே வட்டம் சுத்தியிருக்கும். அதை அப்படியே நட்டா, எந்த ஊர் மரமா இருந்தாலும் பிடிப்பு பலவீனமாதான் இருக்கும்.

நல்ல டிசைனுக்கும் ஒரு உதாரணம் சென்னையிலயே இருக்கு. அடையாறு பிரம்மஞான சபையில இருக்கிற பெரிய ஆலமரம். 1989ல அடிச்ச புயல்ல அதோட தாய்த்தண்டே விழுந்துடுச்சு. ஆனா மரம் சாகல. விழுதெல்லாம் ஏற்கெனவே தரையில ஊன்றித் தனித்தனித் தண்டாகியிருந்துச்சு. இன்னைக்கும் அந்த விழுதுங்கதான் மரத்தைத் தாங்குது. ஒரு சர்வர் படுத்தாலும் மத்த சர்வர் தாங்குற மாதிரி.

பொந்து இருந்தா ஆபத்தா?

மரத்துல பெரிய பொந்தைப் பார்த்தா உடனே 'உள்ள ஒண்ணும் இல்ல, வெட்டிடு'ன்னு தோணும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வளையறதைத் தாங்குற வேலையைத் தண்டோட வெளிப்பகுதிதான் பெரும்பாலும் செய்யுது. சைக்கிள் ஃபிரேம் பைப்பா இருக்கிறதும், மூங்கில் உள்ள வெறுமையா இருந்தும் நிக்கறதும் அதனாலதான். ஒரு தண்டோட ஆரத்துல 70 சதவீதம் வரைக்கும் உள்ள காலியா இருக்குன்னு வச்சுக்குங்க. இழக்கிற பலம் 0.7ஐ நாலு தடவை பெருக்கினா வர்றது, அதாவது சுமார் 24 சதவீதம். 76 சதவீத பலம் அப்படியே இருக்கு. ஜெர்மனியில கிளாஸ் மாத்தெக்னு ஒரு ஆய்வாளர், உள்ளீடற்ற மரங்களைப் பார்த்து இதையே ஒரு பொது அளவா சொன்னார். மிச்சம் இருக்கிற சுவரோட தடிமன் ஆரத்துல 30 சதவீதத்துக்குக் கீழ போனா, முறியற வாய்ப்பு ஏறுதுன்னு. எல்லா மரத்துக்கும் அப்படியே பொருந்தாதுன்னு இதை விமர்சிக்கிறவங்களும் உண்டு.

இந்தக் கணக்கு முழு வளையமா இருக்கிற தண்டுக்குத்தான். பொந்து பக்கவாட்டுல பெருசா திறந்திருந்தாலோ, அடியில காளான் முளைச்சிருந்தாலோ கதை வேற. அப்ப விவரம் தெரிஞ்சவங்க வந்து பார்த்தாகணும்.

அந்த மொட்டை விஷயம்

இப்ப டீக்கடை பெஞ்சுக்கு வருவோம்.

அமெரிக்க வனத்துறையில வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்குல அறுத்துப் பார்த்து ஆராய்ச்சி பண்ணினவர். அவர் காட்டின விஷயம் இது: நம்ம தோல்ல காயம் ஆறுற மாதிரி மரத்துக்கு ஆறாது. கெட்டுப்போன பகுதியைச் சுத்திச் சுவர் எழுப்பிப் பூட்டி வச்சுட்டு, அதுக்கு வெளியில புதுக் கட்டையை வளர்க்கும். அவ்வளவுதான்.

கிளை தண்டோட சேர்ற இடத்துல, சட்டைக் காலர் மாதிரி கொஞ்சம் புடைச்சிருக்கும். அந்தச் சுவரை நல்லா எழுப்பக்கூடிய இடம் அது. அந்தக் காலரைச் சேதப்படுத்தாம, அதுக்கு ஒட்டி வெட்டினா மரம் பூட்டிக்கும். நம்ம ஊர்ல தோட்டம் வச்சிருக்கிறவங்க கவாத்துன்னு சொல்ற வேலை, சரியா செஞ்சா இதுதான்.

மொட்டையடிக்கிறப்ப நடக்கறது வேற. தடிமனான கிளையை நட்ட நடுவுல வெட்டுறாங்க. அங்க காலர் கிடையாது. மழைத் தண்ணி நிக்குது, பூஞ்சை உள்ள இறங்குது. இலை மொத்தமும் போனதால மரத்துக்குச் சாப்பாடு இல்ல. அவசரத்துல சேமிப்பை எல்லாம் செலவு பண்ணி, வெட்டின விளிம்புல இருந்து கொத்துக் கொத்தா புதுக் கிளை விடும். ரெண்டு மாசத்துல பச்சைப் பசேல்னு ஆயிடும், 'பார்த்தீங்களா, துளிர்த்துடுச்சு'ன்னு நாமளும் சந்தோஷப்படுவோம்.

ஒரு சாதாரணக் கிளை, தண்டு வளரும்போதே கூட வளர்ந்து, வருஷா வருஷம் கட்டையோட கட்டையா பின்னிக்கிட்டு இருக்கும். இந்த அவசரக் கிளை வெளிப்பக்கத்துல மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுக்குக் கீழ கட்டை மக்கிக்கிட்டு இருக்கு. நாலஞ்சு வருஷத்துல அதுவே கை கனம், கால் கனம் ஆயிடும். ஆணியடிச்ச பலகையில இருந்து ஃபெவிகால் ஒட்டின பலகைக்கு மாறி, அது மேல அதே எடையைத் தொங்கவிட்ட மாதிரி.

எங்க தெருவுல ஆறு மரத்துக்கும் இதுதான் நடந்திருக்கு. ஒரு கிளை விழுந்த பயத்துல, வருங்காலத்துல விழக்கூடிய அம்பது கிளைக்கு விதை போட்டிருக்கோம். ஈ.பி. ஒயருக்காக ஒரே பக்கம் சிரைச்சு விடுற மரத்துக்கு இன்னொரு பிரச்னையும் சேரும். எடை முழுக்க ரோட்டுப் பக்கம் சாஞ்சு நிக்கும்.

காத்தே இல்லாத மத்தியானத்துல கிளை எப்படி விழுந்துச்சு? கோடைக்காலத்துல அமைதியான மத்தியான நேரத்துல பெரிய கிளை தானா ஒடியறது பல நாடுகள்ல பதிவான விஷயம். ஓக், யூகலிப்டஸ்ல அடிக்கடி நடக்கும். ஏன்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் ஒரே கருத்து இல்ல. ஆனா அன்னைக்கு ஒடிஞ்ச இடத்தைப் போய்ப் பார்த்தேன். கட்டை கறுத்து, உதிரி உதிரியா இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துலயே எப்பவோ வெட்டின ஒரு பழைய வெட்டு.

நாம எவ்வளவு பயப்படணும்?

2022 ஜூன்ல சென்னை கே.கே. நகர்ல, போய்க்கிட்டிருந்த கார் மேல மரம் சாஞ்சு ஒரு பெண் இறந்துபோனாங்க. பக்கத்துல நடந்த வடிகால் வேலைதான் காரணம்னு ஏரியா மக்கள் சொன்னாங்க, மாநகராட்சி அதை மறுத்துச்சு. அந்தக் குடும்பத்துக்கு எந்தப் புள்ளிவிவரமும் ஆறுதல் சொல்லாது. அதை மனசுல வச்சுக்கிட்டேதான் அடுத்ததைச் சொல்றேன்.

பிரிட்டன்ல இதைக் கணக்கெடுத்திருக்காங்க. மரமோ கிளையோ விழுந்து ஒருத்தர் ஒரு வருஷத்துல சாகிற வாய்ப்பு ஏறக்குறைய ஒரு கோடியில ஒண்ணு. நம்ம ஊர் மரம் படுற பாடு வேற, அதனால அந்த எண்ணை அப்படியே இங்க ஒட்ட முடியாது. இருந்தாலும் பக்கத்துல இன்னொரு எண்ணை வச்சுப் பாருங்க. 2022ல இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். எட்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒருத்தர். மரத்தடியில நடந்து போறதை விட, அந்த மரத்தடிக்குப் போறதுக்கு ரோட்டைக் கடக்கிறதுதான் பெரிய ரிஸ்க்.

மரத்தோட ரிஸ்க்கை எடை போடறவங்க மூணு கேள்வி கேப்பாங்க. விழ எவ்வளவு வாய்ப்பு? விழுந்தா எவ்வளவு பெருசு? விழற இடத்துல ஆள் இருப்பாங்களா? பூங்கா மூலையில சாஞ்சு நிக்கிற மரத்தை அப்படியே விடலாம். அதே மரம் பஸ் ஸ்டாப் மேல நின்னா உடனே பார்க்கணும். சில சமயம் மரத்தை வெட்டுறதை விட பெஞ்சை நகர்த்துறது சுலபம்.

சிங்கப்பூர் இதை முறையா பண்ணுது. சாலையோர மரங்களுக்குக் கணக்கு வச்சு, பயிற்சி பெற்றவங்க குறிப்பிட்ட இடைவெளியில பரிசோதிக்கிறாங்க. இருபது வருஷத்துல அங்க மரம், கிளை விழற சம்பவங்கள் வருஷத்துக்கு மூவாயிரம் அளவுல இருந்து சில நூறா குறைஞ்சிருக்கு. அப்படிப்பட்ட ஊர்லயும் 2017 பிப்ரவரியில, தாவரவியல் பூங்காவுல 270 வருஷத்துக்கு மேல வயசான, 40 மீட்டர் உயர தெம்புசு மரம் சாஞ்சு ஒருத்தர் இறந்தாங்க. சில மாசம் முன்னாடி நடந்த பரிசோதனையில அந்த மரத்துல குறை எதுவும் தெரியல. ரிஸ்க்கைப் பூஜ்யம் ஆக்க முடியாது, பல மடங்கு குறைக்க முடியும். அதுக்கு வழி வருஷா வருஷம் போய்ப் பார்க்கிறதுதான்.

நாளைக்கு உங்க தெருவுல பாருங்க

அஞ்சு நிமிஷ வேலை. உங்க வீட்டு வாசல் மரம், பைக் நிறுத்துற மரம், பஸ்ஸுக்கு நிக்கிற மரம், இந்த மூணைப் பார்த்தா போதும்.

ஒண்ணு, அடியில காளான். கட்டையா, அலமாரித் தட்டு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா உள்ள மக்குதுன்னு அர்த்தம்.

ரெண்டு, புதுசா ஒரு சாய்வு. பிறந்ததுல இருந்தே சாஞ்சு வளர்ந்த மரம் அதுக்கேத்த மாதிரி தன்னைப் பலப்படுத்திக்கிட்டு இருக்கும். போன மழைக்கு அப்புறம் சாஞ்ச மரம், அதுலயும் எதிர்ப்பக்கம் மண் வெடிச்சு எழும்பியிருந்தா, அதுக்குக் கீழ நிக்காதீங்க.

மூணு, மரத்துக்கு ஒட்டிப் புதுப் பள்ளம், அறுபட்ட வேர். போட்டோ எடுத்து, தேதியோட வச்சுக்குங்க.

நாலு, மத்ததெல்லாம் பச்சையா இருக்கும்போது ஒரு கிளை மட்டும் இலையில்லாம காய்ஞ்சு தொங்குறது.

அஞ்சு, ரெண்டு தண்டு 'வி' மாதிரி நெருக்கமா பிரியற கவட்டை. நடுவுல பட்டை சிக்கியிருந்தா அங்க கட்டை ஒண்ணா சேர்ந்திருக்காது. விரிசல் இருக்கான்னு பாருங்க.

சென்னையில இருந்தா மாநகராட்சிக்கு 1913. கூப்பிடும்போது 'மரத்தை வெட்டுங்க'ன்னு சொல்லாம, 'இந்த மரத்துல இந்த அறிகுறி இருக்கு, வந்து பாருங்க'ன்னு சொல்லுங்க. ரம்பத்தோட ஆட்கள் வந்தா, காய்ஞ்ச கிளையை மட்டும் காலரை ஒட்டி எடுக்கச் சொல்லிக் கேளுங்க. அவங்களுக்கு நேரமும் கம்மி, கூலியும் கம்மி, அதனால சண்டை போடாதீங்க. தண்ணி கொடுத்துப் பேசுங்க.

காத்து மழை அடிக்கிறப்ப மரத்தடியில ஒதுங்காதீங்க, கட்டடத்துக்குள்ள போங்க. விழுந்த மரத்துகிட்ட போகாதீங்க, கிளைக்குள்ள ஒயர் மாட்டியிருக்கும், ஈர மரத்துல கரண்ட் பாயும். கார் மேல ஒயர் விழுந்துட்டா, தீப்பிடிக்காத வரைக்கும் உள்ளேயே இருந்து போன் பண்ணுங்க. மின்னகம் நம்பர் 94987 94987, இப்பவே சேவ் பண்ணி வச்சுக்குங்க.

டீக்கடை அண்ணன் புது பெஞ்சு வாங்கிட்டார். எங்க போடறதுன்னு போன வாரம் என்கிட்டயே கேட்டார். நிமிர்ந்து பார்த்தோம். வெட்டின இடத்துல எல்லாம் கொத்துக் கொத்தா துளிர் விட்டிருக்கு, பார்க்க அழகாதான் இருக்கு. பெஞ்சை ஆறடி தள்ளிப் போட்டிருக்கோம், இப்ப மேல கிளை எதுவும் இல்ல. மரத்தைச் சுத்தி இருந்த சிமெண்ட்டை உடைக்க மனு கொடுத்திருக்கோம். பதில் வந்தா சொல்றேன்.

உங்க தெரு மரத்துல நீங்க என்ன பார்த்தீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.